ஆயர் அசரியா: தொண்டில் கனிந்த தலைமை

முன்னுரை

முல்லை நிலத்து மக்களை ஆயர் எனச் சுட்டுவது தமிழ் மரபு. ஆநிரை காத்தல் அவர்தம் தொழில். கிறித்தவத் தமிழ் தன் சமயத் தலைவருக்குப் பெயர் தேடியபோது இச்சொல்லையே எடுத்துக்கொண்டது. நிரைக்கு முன்னே நடந்து வழிகாட்டுதலும், பின்தங்கிய கன்றைத் திரும்பிச் சென்று தேடுதலும் ஆயனுக்குரிய செயல்களாகும். இதே பதவியைத் திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையார் அத்தியட்சர் என்னும் வடசொல்லால் நெடுங்காலம் வழங்கினர். மேலிருந்து கண்காணிப்பவர் என்பது அதன் பொருள். ஒரே பதவிக்குரிய இவ்விரு பெயர்களும் தலைமையின் இருவேறு இயல்புகளை உணர்த்துகின்றன. கண்காணிக்கும் உரிமையைப் பட்டம் தந்துவிடும். காத்தற்குரிய தகுதியோ நாளடைவில் மனம் பழுத்துப் பெறுவது.

விழுப்புரம் வட்டாரத்தில் முகையூர் போன்ற ஊர்களில் கத்தோலிக்கக் கிறித்தவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவ்வூர்களில் ஆயர் என்பது அன்றாடம் வழங்கும் சொல். ஆயினும் அப்பதவியில் நம் நாட்டவர் ஒருவர் அமர்வதே அரிதாயிருந்த காலம் ஒன்றுண்டு. வெள்ளையர் ஆட்சி நிலவிய அந்நாளில் இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கத் திருச்சபை ஆயராக உயர்ந்தவர் ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கை, ஆன்மிக முதிர்ச்சிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்வார்க்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பிறப்பும் இளமையும்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்துக் குடும்பத்தில் தோன்றிப் பள்ளிப் பருவத்தில் கிறித்தவம் தழுவிக் கிராமக் குருவானவராகப் பணியாற்றியவர். தாயார் எல்லன் நெடுநாள் வேண்டியிருந்து பெற்ற மகனாதலின், விவிலியத்தில் அன்னாள் என்னும் தாய் வேண்டிப் பெற்ற சாமுவேலின் பெயரையே மகனுக்கு இட்டார்.

பனையும் தேரியும் சூழ்ந்த அந்நிலப்பகுதியில் நாடார் குடியினர் அக்காலத்தில் கோயில் நுழைவு முதலிய உரிமைகள் மறுக்கப்பெற்றுத் தாழ்வுற்றிருந்தனர். கல்வியும் சமய மாற்றமும் அவர்களுள் பலருக்குத் தலைநிமிர வழி திறந்தன. அக்குடியிற் பிறந்த அசரியாவுக்கு இழிவென்பது நூலிற் படித்தறிந்த செய்தியன்று. பிற்காலத்தில் தம்மினும் தாழ்த்தப்பட்ட மக்களோடு ஒன்றி வாழ அவரால் இயன்றமைக்கு இப்பின்புலமும் ஒரு காரணம் எனலாம்.

1889ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தபோது அசரியாவுக்கு அகவை பதினைந்து. அதன்பின் அவரை உருவாக்கிய பெருமை தாயாரைச் சாரும். வேண்டுதலில் தவறாமை, செலவில் சிக்கனம், சொல்லில் கண்டிப்பு ஆகிய மூன்றையும் மகன் தாயிடமே கற்றார்.

கல்லூரிக் காலம்

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வியை முடித்த அசரியா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் அன்றிச் சென்னை நகரின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. பின்னர் நாடறிந்த தலைவராக விளங்கிய கே.டி.பால் அவருடைய நண்பரானார். கிறித்தவ மாணவரிடையேயும் சாதிப் பிரிவினை பந்திவரை நீண்டிருந்த காலம் அது. அதனை எதிர்த்து மாணவப் பருவத்திலேயே அசரியா குரல் கொடுத்தார்.

கணிதம் பயின்ற அவர் இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றமையால் பட்டம் பெறவில்லை. 1920ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. இளங்கலைப் பட்டமின்றிக் கல்லூரி வாயிலைக் கடந்த இளைஞரை இருபத்தைந்து ஆண்டுத் தொண்டு அந்த மேடைக்குக் கொண்டு சேர்த்தது.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலராகப் பொறுப்பேற்றுத் தென்னிந்தியா முழுவதும் சுற்றி வந்தார். அப்பணியில் அமெரிக்கரான ஷெர்வுட் எடி அவருக்கு உற்ற தோழரானார். நிறமும் நாடும் வேறாயினும் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தனர், ஒன்றாக வேண்டினர். வெள்ளையரும் இந்தியரும் உண்மை நண்பராக வாழ இயலும் என்ற நம்பிக்கை அந்நட்பில் உறுதிப்பட்டது.

1898இல் அன்பு மாரியம்மாளை அசரியா மணந்தார். தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் முதன்முதலில் கல்லூரிக் கல்வி பெற்றோருள் ஒருவர் அவ்வம்மையார். சீதனம் பெரிதும் பேசப்பட்ட அக்காலத்தில், சீதனம் வாங்காமல் மிக எளிய முறையில் அத்திருமணம் நிகழ்ந்தது. பின்னாளில் பெண்கல்வியிலும் பெண்கள் சங்கப் பணிகளிலும் அம்மையார் கணவருக்கு இணையாக உழைத்தார்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

1902ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர் தம் சொந்தப் பணத்தைத் திரட்டித் தம்முள் ஒருவரையே வேற்றிடத்துக்கு ஊழியராக அனுப்பியிருந்ததைக் கண்டார். இக்காட்சி அவரை உலுக்கியது. திருநெல்வேலிக் கிறித்தவமோ எண்ணிக்கையில் பெரியது. தலைமுறைகள் பல கண்டது. இருந்தும் அது வெளிநாட்டார் பணத்தையும் ஆணையையும் எதிர்பார்த்தே வாழ்ந்தது. பெறுவதை மட்டுமே அறிந்த சமயம் குழந்தைப் பருவத்தைக் கடக்கவில்லை என்பதை அசரியா உணர்ந்தார். வளர்ந்த பிள்ளை வீட்டுப் பொறுப்பை ஏற்பதுபோல, முதிர்ந்த நம்பிக்கையும் பிறர்பொருட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

அதன் விளைவாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. பணியாளர், பணம், நிருவாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 1905ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு நாளில், வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரியின் நூலகத்தில் தேசிய மிஷனெரிச் சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னணியில் நின்றார். வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டும் அதுவே. சமயத் துறையிலும் அவ்வுணர்வு அரும்பியதை இது காட்டுகிறது.

திருநெல்வேலியார் தேர்ந்த பணிக்களம், ஐதராபாத்து நிசாமின் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல். அது இன்று தெலங்காணா மாநிலத்தில் உள்ளது. பிறரை அங்கு அனுப்பிய அசரியா, தாமே செல்லாதிருப்பது முறையன்று எனக் கருதினார். நாடறிந்த சங்கச் செயலர் பொறுப்பை விட்டு, 1909இல் குருத்துவப் பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லில் குடியேறினார். முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கு மொழியை நன்கு கற்று மக்களோடு பேசிப் பழகலானார்.

எடின்பரோ மாநாடு

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்காத்துலாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பேராளர் அமர்ந்திருந்த அவையில் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவே. அவருள் ஒருவரான அசரியா, அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றி உரையாற்ற அழைக்கப்பெற்றார்.

அவ்வுரையில் அவர் நன்றியை மறக்கவில்லை. மேலைநாட்டு ஊழியரின் ஈகத்தையும் உயிர்த்தியாகத்தையும் மனமாரப் போற்றினார். ஆயினும் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்தும் இரு திறத்தாரும் ஒருவர் இல்லத்தில் மற்றவர் விருந்துண்ணாத நிலையை எடுத்துரைத்தார். சம்பளம் தருபவர், பெறுபவர் என்ற உறவு அன்புறவு ஆகாது என்றார். பொருளையும் உயிரையும் கொடுத்தவர்கள் இனி நட்பையும் கொடுக்கவேண்டும் என்ற வேண்டுகோளுடன் உரையை முடித்தார்.

அவையோர் சிலர் சினந்தனர், சிலர் நாணினர். பேசியவரின் நிலை இங்கு எண்ணத்தக்கது. அவர் குருத்துவம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. அவருடைய வருங்காலம் அந்த அவையோரின் நல்லெண்ணத்தைச் சார்ந்தே இருந்தது. அச்சமும் இன்றி வசையும் இன்றி உண்மையை உரைத்தல் அரிய ஆற்றல். பதவி ஏதும் இல்லாத அந்நாளிலேயே அவருடைய சொல்லுக்கு அதிகாரம் இருந்தது.

ஆயர் பட்டம்

சென்னை ஆயராயிருந்த ஹென்றி வைட்ஹெட், அசரியாவை ஆயராக்க வேண்டும் எனக் கருத்துரைத்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இந்தியர் ஒருவரின் ஆணைக்கு ஆங்கிலேயர் அடங்கி நடப்பரோ என மிஷனெரிமார் பலர் ஐயுற்றனர். எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை; திருநெல்வேலிக் கிறித்தவருள்ளும் சிலர் அவருக்கு எதிராக விண்ணப்பம் விடுத்தனர். அயலார் ஐயம் ஒருபுறம், தம்மவர் பொறாமை ஒருபுறம் என அவர் இரண்டையும் தாங்க நேர்ந்தது. அவற்றுக்குப் பதிலாக அவர் கட்சி கட்டவில்லை. தம் பணியைத் தொடர்ந்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் பதினோர் ஆயர்கள் கைகளை வைத்து அவருக்குத் திருநிலை அளித்தனர். அப்போது அவருக்கு அகவை முப்பத்தெட்டு. 1945இல் அவர் மறையும்வரை, ஆங்கிலிக்கத் திருச்சபையில் ஒரு மறைமாவட்டத்தைத் தலைமையேற்று ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையில் தூத்துக்குடிக்குத் திபூர்சியுஸ் ரோச் ஆயராக அமர்ந்தது 1923இல்தான். ஆயர் இருக்கையில் ஓர் இந்தியர் அமர்வது எத்துணை அரிதாயிருந்தது என்பது இதனால் விளங்கும்.

இந்நிலை அசரியாவின் தோள்களில் கொடிய சுமை ஒன்றை ஏற்றியது. அவர் தவறினால் அத்தவறு ஒரு மனிதரின் தவறாக எண்ணப்படாது. இந்தியருக்கு ஆளும் தகுதியில்லை என்பதற்குச் சான்றாகவே காட்டப்படும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அச்சோதனையின் நடுவே வாழ்ந்தார்.

தோர்ணக்கல் பணி

பட்டம் பெற்றபோது அவருக்குக் கீழ் இருந்த இந்தியக் குருமார் அறுவரே. 1924இல் அவரது மறைமாவட்டத்தில் இந்தியக் குருமார் ஐம்பத்து மூவரும், அவருடைய ஆணையை ஏற்றுப் பணியாற்றிய ஆங்கிலேயக் குருமார் எண்மரும் இருந்தனர். இந்தியருக்கு ஆங்கிலேயர் அடங்குவரோ என்ற வினாவுக்கு எவ்வகை விவாதமும் இன்றி விடை கிடைத்துவிட்டது. நாளடைவில் கிருஷ்ணா, கர்நூல் மாவட்டங்களின் பகுதிகளும் இணைய, மறைமாவட்டம் விரிவடைந்தது. அவருடைய இறுதிக் காலத்தில் சபையினர் தொகை இரண்டு இலட்சத்தையும் கடந்திருந்தது.

அச்சபையினருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்படும் தாழ்த்தப்பட்ட மக்கள், நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதவர்கள். ஆயர் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் அவர்தம் சேரிகளுக்குச் சென்றார். அவர்களோடு அமர்ந்து உண்டார். ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் தோன்றின. தெலுங்கு நாட்டு இசைக்கும் விழாக்களுக்கும் வழிபாட்டில் அவர் இடமளித்தார்.

ஊர்க்கூட்டங்களில் அவர் மக்களிடம் நான்கு பேய்களின் பெயர்களைக் கேட்பதுண்டு. அழுக்கு, நோய், கடன், குடி என்று கூட்டம் திருப்பிக் கூறும். காண இயலாத பேய்களுக்கு அஞ்சிப் பலியிட்டு வந்த மக்களுக்கு, தம் கண்முன் திரியும் பேய்களை அவர் இவ்வாறு அடையாளம் காட்டினார். ஆன்மிகமென்பது கூழுக்கும் கூரைக்கும் தொடர்பில்லாத ஒன்று என அவர் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று.

திருமுழுக்குப் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிப்பதாக உறுதிகூறும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். குருவுக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட பொறுப்பைக் கூலியாளின் தலையிலும் வைத்தமை இதன் சிறப்பு. ஒவ்வொரு நம்பிக்கையாளருக்கும் அழைப்பு உண்டு. அவ்வழைப்பே அவருக்குரிய மதிப்பும் ஆகும் என்பது அவர் போதனை. அன்றாடச் சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாக்கும் வழக்கத்தை அவர் ஊக்கியதும் இக்கருத்துப்பற்றியே. ஏழைக்கும் கொடுக்கும் உரிமை உண்டு. கொடுக்கக் கற்றவன் பிறர்முன் கூனி நிற்பதில்லை. கிறித்தவர் கொடை குறித்து அவர் தனிநூலே எழுதினார்.

1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. நீண்ட ஆண்டுகள் முயன்று எழுப்பிய அக்கட்டடத்தில் இசுலாமியக் கட்டடக் கலைக்குரிய குவிமாடங்களும் வளைவுகளும், தென்னாட்டுக் கோயில்களை நினைவூட்டும் கற்றூண்களும் ஒருங்கே அமைந்துள்ளன. மேலைநாட்டுக் கோபுரத்தைப் பெயர்த்து நடுவதற்கு அவர் விரும்பவில்லை. நிசாமின் நாட்டில், தெலுங்கு மக்கள் நடுவே, தமிழர் ஒருவர் எழுப்பிய அவ்வாலயம் அந்நிலத்தின் கலைமரபுகள் அனைத்தையும் வரவேற்று நிற்கின்றது.

அதிகாரத்தின் எல்லை

பெருந்தொகையான மக்களுக்குத் தலைவராகும் ஒருவர் அத்தொகையை அரசியல் முதலாக்கிக்கொள்வது எளிது. 1932இல் பிரித்தானிய அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறித்தவருக்கும் தனித்தொகுதிகளை வழங்கியது. அதனை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள் அசரியா முதன்மையானவர். திருச்சபை ஓர் அரசியல் சாதியாகச் சுருங்கிவிடும். ஆள்சேர்ப்பு வாக்குக்காக என்ற பழி வந்து சேரும். நாட்டு மக்களோடு கலந்து வாழவேண்டியவர் வேலியிடப்பட்டு நிற்பர் என அவர் அஞ்சினார். கைக்கு எட்டிய ஆதாயத்தைத் தம் மக்களின் பொருட்டே மறுத்தமை அவருடைய முதிர்ச்சியின் உச்சம் எனலாம்.

அக்காலத்திலேயே காந்தியடிகளோடும் அவர் கருத்து வேறுபட நேர்ந்தது. தாழ்த்தப்பட்டோர் கூட்டங்கூட்டமாகச் சமயம் மாறுவதை அடிகள் தம் ஹரிஜன் இதழில் கண்டித்து எழுதினார். எளிய மக்களுக்கும் தம் மனச்சான்றின்படி சமயத்தைத் தெரிந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலை. நாட்டுப்பற்றுடைய இரு பெரியோரிடையே எழுந்த இக்கருத்து வேறுபாடு இன்றும் நம் சிந்தனைக்கு உரியதாகவே உள்ளது.

அவரால் வெல்ல முடியாதவையும் இருந்தன. மாலருக்கும் மாதிகருக்கும் இடையே நிலவிய பழம் பிணக்கு திருமுழுக்கோடு கரைந்துவிடவில்லை. ஒரே ஆலயத்தில் வழிபட்டோரும் மண உறவில் பிரிந்தே நின்றனர். சாதியை இளமைமுதல் எதிர்த்த ஆயரின் கண்முன்னேயே அவருடைய சபையுள் சாதி வாழ்ந்தது. ஆணையால் ஆலயம் எழுப்பலாம், பள்ளி நிறுவலாம். அடுத்தவனைத் தன் உறவாக ஏற்கும் மனத்தை ஆணையால் உண்டாக்க இயலாது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று. எனினும் அவர் அம்முயற்சியைக் கைவிட்டவரல்லர்.

ஒருமைப்பாட்டு முயற்சி

மேலைநாட்டில் எழுந்த பூசல்களால் பிரிந்த சபைகள், அப்பிரிவுகளை இந்தியாவிலும் நட்டிருந்தன. ஓரூரில் உள்ள எளிய கிறித்தவருக்கு அப்பூசல்களின் வரலாறே தெரியாது. பிரிவு மட்டும் வந்து சேர்ந்தது. 1919ஆம் ஆண்டு மே திங்கள் முதலிரு நாள்களில் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கச் சபையினரும் தென்னிந்திய ஐக்கிய சபையினருமாகிய முப்பத்து மூவர் கூடி, ஒன்றாக இணைவதற்கான அறிக்கையை வெளியிட்டனர். அசரியா அதற்குத் தலைமை தாங்கி வழிநடத்தினார். 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டிலும் அவர் இக்கருத்தையே வலியுறுத்தினார். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் விருந்தோம்பும் நாட்டின் மூத்த தலைவராக விளங்கினார்.

அம்முயற்சி கனிவதற்குள் 1945ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தோர்ணக்கல்லில் அவர் காலமானார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நாடு விடுதலை பெற்ற அடுத்த திங்களிலேயே அது நிகழ்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதற்கெனப் பாடுபட்டவர் அந்நாளைக் காணவில்லை.

முடிவுரை

அசரியாவின் வாழ்வில் இருவகை அதிகாரங்களைக் காண்கிறோம். ஒன்று, 1912இல் கல்கத்தாவில் பதினோர் ஆயர்கள் அளித்தது. மற்றொன்று, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கி, தோர்ணக்கல் சேரிகளில் நாள்தோறும் வளர்ந்தது. முன்னதை எதிர்த்தோர் பலர். பின்னதை எதிர்க்க வழியில்லை. ஏனெனில் அதனை அவர் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை. அடக்கத்துக்கென வள்ளுவர் ஓரதிகாரம் வகுத்து, அதனைப் பொருளெனக் காக்க வேண்டும் என்றதன் கருத்தும் இதனோடு ஒத்துப்போவது காண்க.

சமயம், அரசியல், கல்வி என எத்துறையிலும் நாளைய தலைவர்கள் இன்றைய மாணவர்களுள்ளிருந்தே வரவேண்டும். பதவி வந்தபின் தொண்டு செய்வோம் எனக் காத்திருப்போர் பலர். தொண்டு செய்துகொண்டிருந்த இடத்துக்கே பதவி தேடிவந்த ஒருவரின் வரலாற்றை, அவர் எச்சமயத்தவர் என்ற எண்ணமின்றித் தமிழ் பயில்வோர் அனைவரும் கற்றல் நன்று. திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலில் தோன்றிய அப்பெருமகனார், மொழிவேறான ஒரு நாட்டின் ஏழை மக்களிடையே தம் வாழ்நாளைக் கழித்து அம்மண்ணிலேயே அடங்கினார்.